நல்ல பிரதியில் இல்லாத பெயர்

என் பிரியமான அப்பாவுக்கு,

வீரப்பனுக்காக எழுதிய மனுவின் நல்ல பிரதியில் அந்தப் பெயரை ஏன் விட்டீர்கள்? பயமா? வீரப்பனைக் காப்பாற்றவா? என்னை நினைத்தா? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

இங்கிலீஷில் இருந்தால்தான் கலெக்டர் படிப்பார் என்று ஊரே நம்பிய காலம் அது. எல்லோருடைய மனுவையும் நீங்கள்தான் எழுதினீர்கள். முதலில் என் இலக்கண நோட்டின் கடைசிப் பக்கங்களில் பென்சிலால். பிறகு வெள்ளைத்தாளில் மையால். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

முன்பக்கங்களில் ஆக்டிவ் வாய்ஸ் வாக்கியங்களைப் பாஸிவ் வாய்ஸாக மாற்றியிருக்கிறேன். ஓரத்தில் உங்கள் சிவப்பு மை: ‘செய்தவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால், யாரால் என்பதை விட்டுவிடலாம்.’

பின்பக்கத்தில் பென்சில் எழுத்து: ‘பெரிய பண்ணை சாம்பசிவம் ஆட்களை ஏவி, குத்தகைதாரர் வீரப்பன் நட்ட வயலை உழுது அழித்தார்.’ ஆபீஸுக்குப் போன நல்ல பிரதியில் இருப்பது ‘நட்ட வயல் உழுது அழிக்கப்பட்டது’ மட்டும். உழுதவரும் இல்லை, நட்டவரும் இல்லை. சாம்பசிவம்தான் நீங்கள் வாத்தியாராக இருந்த பள்ளிக்கூடத்தின் தாளாளர் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் வீரப்பன், பெயர் அதில் இருக்கிறதென்று நம்பித்தானே கைநாட்டு வைத்தார்?

உங்களைப் போலவே அவரும் போய்விட்டார், அப்பா. மகன் செல்வராஜ் அதே வயலில்தான் பயிர் செய்கிறான். வீரப்பன் அப்போதே குத்தகையைத் தானாக விட்டுக்கொடுத்துவிட்டார், அதன்பிறகு உழுததெல்லாம் கூலிக்குத்தான் என்கிறார் சாம்பசிவத்தின் மகன். நாளை தாலுகா ஆபீஸில் விசாரணை. அது பொய்யென்று காட்டச் செல்வராஜுக்கு இருக்கும் ஒரே காகிதம் என் நோட்டு. சம்பா முற்றி, அறுப்புக்கு நிற்கிறது.

“நீங்க வந்து சொன்னா போதும் அக்கா,” என்றான். “சார் பேரு கெடாம நான் பாத்துக்கிறேன்.” என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இன்று மத்தியானம் சாம்பசிவத்தின் மகன் வீட்டுக்கு வந்தார். காபி குடித்தார். என் முழங்கால் வலியை விசாரித்தார். எழுந்திருக்கும்போதுதான் சொன்னார்: “பழைய நோட்டெல்லாம் பத்திரமா வச்சிருக்கீங்களாமே அக்கா. நம்ம ஊரு கரையான் ஒண்ணையும் விடாதே.”

நோட்டைப் பற்றி நான் செல்வராஜைத் தவிர யாரிடமும் பேசவில்லை. இதை எழுதும்போதும் அவருடைய கார் வாய்க்கால் பாலத்தில்தான் நிற்கிறது. தெரியாத ஆட்கள் இரண்டு பேர் வயலுக்குப் போகும் பாதையின் அகலத்தைக் காலடியால் அளக்கிறார்கள். எதற்கென்று புரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் தொடர்கிறேன்.

நோட்டைக் கொடுத்தேன். உங்கள் கையெழுத்துத்தான் என்றேன். நல்ல பிரதியில் பெயரை விட்டதும் நீங்கள்தான் என்றேன். மன்னியுங்கள். அதிகாரி, “சம்பந்தப்பட்டவரின் பெயர் குறிப்பிடப்பட்டது,” என்று குமாஸ்தாவுக்குச் சொல்லிக்கொண்டே போனார்.

“யார் பேருன்னு எழுதச் சொல்லுங்க சார்,” என்றேன்.

பேனா நின்றது. சாம்பசிவத்தின் மகன் என்னைப் பார்க்கவில்லை, கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பெயர் எழுதப்பட்டது. இல்லை, குமாஸ்தா எழுதினார். விசாரணையை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தோம். பாதை முழுக்க அறுப்பு இயந்திரத்தின் தடம். வயலில் பயிரின் வெறும் அடித்தாள்தான் நின்றது. நாங்கள் ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோதே அறுத்து, நெல்லையும் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். கரையில் நின்றவர்களிடம் கேட்டோம். ஏதோ வண்டி வந்தது, அறுப்பு நடந்தது என்றார்கள். யார் வண்டி என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

செல்வராஜ் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, “போலீஸுக்கு எழுதணும் அக்கா. நீங்க எழுதுறீங்களா?” என்றான்.

அங்கேயே எழுதினேன், தமிழில். முதல் வார்த்தையே சாம்பசிவத்தின் மகனுடைய பெயர். அவன் கையெழுத்துப் போடுமுன் முழுவதையும் உரக்கப் படித்துக்காட்டினேன். கரையில் நின்றவர்களும் கேட்டார்கள். இனி யாருக்கு எழுதினாலும் இப்படித்தான் எழுதுவேன், அப்பா. நாங்கள் மேலே ஏறி வந்தபோது அந்தக் கார் மறுபடி பாலத்தில் நின்றது.

உங்கள் கையெழுத்தைக் காட்டிக்கொடுத்த,
உங்கள் மூத்த மகள்