வரல, அதான் கேக்குறேன்

செவ்வாய்க்கிழமை

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தேயிலை வெட்டும் மெஷினைப் பற்றிக் கங்காணி விளக்கும்போதெல்லாம் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டேன். ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாது. எஸ்டேட் லயத்து வீடுகளில் ஒருத்தர் விடாமல் கிண்டலடித்தவள் நான். கேட்டால் சிரிப்பார்களே! கேட்காவிட்டாலோ, மலையில் கொழுந்து வெட்டும் வேலையிலிருந்து என்னை எடுத்து நர்சரியில் களை பிடுங்கப் போட்டுவிடுவார்கள்.

காலையில் பக்கத்து வீட்டு யாழினி, ஆறு வயது, சப்பாத்துக் கயிறு கட்டப் பழக வந்தாள். பல தடவை காட்டியும், “அத்தை, இன்னொருக்கா காட்டுங்க” என்றாள்.

“இன்னுமா வரல, மக்கு?”

“வரல லா. அதான் கேக்குறேன்” என்று காலை நீட்டினாள். முகத்தில் துளி வெட்கமில்லை.

மலைக்குப் போனதும் எல்லார் முன்னாலும் கங்காணியிடம் கேட்டுவிட்டேன். “அண்ணே, ஒண்ணும் புரியல. மொதல்ல இருந்து சொல்லுங்க.”

“அப்ப நேத்து மண்டைய ஆட்டுனது?”

“அது காத்துல ஆடுச்சுண்ணே.”

என்னோடு வேலை செய்யும் செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிக்கட்டும். நாளைக்கும் கேட்பேன். கை பழகும்வரை கேட்பேன்.

மத்தியானம் நானே ஸ்டார்ட் செய்தேன். நானும் செல்வியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு வரிசை முழுக்க வெட்டினோம். கங்காணி கழற்றிச் செடிமேல் வைத்திருந்த தொப்பியும் இலையோடு இலையாக மெஷின் பைக்குள் போய்விட்டது.