ஒரு காம்பராவுக்கு ஒன்பது பேர்

8.6.1959 திங்கள்

மழை. தோட்டப் பள்ளிக்கூடத்துத் தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் நான் கத்துவது எனக்கே கேட்கவில்லை. ஒரே மண்டபம், ஐந்து வகுப்பு, ஒரு டீச்சர். இதில் தொண்டை வேறு கட்டிக்கொண்டது.

நாலாம் வகுப்பை இருநூற்று ஐந்து எழுதச் சொன்னேன். எல்லாச் சிலேட்டிலும் 25. அழகன் மட்டும் 2005 என்று எழுதியிருந்தான். "நீங்க சொன்னபடியேதான் எழுதுனேன் டீச்சர். இருநூறு, பக்கத்துல அஞ்சு." அவன் மேல் கோபப்படவும் வழியில்லை. நான் அப்படித்தானே சொன்னேன்?

அடுத்த மாதக் கடைசியில் இன்ஸ்பெக்டர் வருகிறார். போன வருஷம் வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

10.6.1959 புதன்

சாயந்தரம் சிவசாமி வந்தார். நாலாம் வகுப்பு வீரம்மாவின் அப்பா. தலையில் நனைந்த கம்பளி, உள்ளே வரச் சொன்னால் வரமாட்டேன் என்கிறார். மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போகிறாராம். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, அவள் பார்த்துக்கொண்டால் தாய்க்காரி நிம்மதியாக மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகலாம்.

கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன் என்றுதான் எழுத வேண்டும். கடைசியில் ஒரு வார்த்தை கொடுத்தார். "இன்ஸ்பெக்டரு பாஸுன்னு சொல்லட்டுங்க டீச்சரம்மா, அஞ்சாங் கிளாசுக்கும் அனுப்புறேன். கொழுந்து நிறுக்கையில முள்ளு எங்க நிக்குதுன்னு எங்க ஊட்ல ஒருத்தருக்காவது தெரியணும்ல."

அந்த முள்ளைப் பார்த்து எடை சொல்கிறவர் என் வீட்டுக்காரர். இந்த டிவிஷன் கணக்கப்பிள்ளை. சிவசாமி குத்திக் காட்டினாரா, மனதில் பட்டதைச் சொன்னாரா, தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டி வைத்தேன்.

11.6.1959

வீரம்மாவுக்குக் கணக்கு வராது. கொடுத்த கணக்கைச் சுற்றிக் கொடி வரைந்து, கொடியில் குருவி உட்கார வைத்து, சிலேட்டை நீட்டுவாள். குருவி அத்தனை அழகாக இருக்கும். விடை தப்பாக இருக்கும்.

இந்தப் பிள்ளையை இன்ஸ்பெக்டர் முன்னால் எப்படித் தேற்றி நிறுத்தப்போகிறேன்?

13.6.1959 சனி

வீரம்மாவுக்குக் கைதான் வருகிறது என்றால் கை வழியாகவே போனால் என்ன?

இவரிடம் சொன்னேன். ஸ்டோரிலிருந்து உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளைத் தோளில் வைத்துக் கொண்டுவந்து போட்டார். "கணக்குக்குப் பெட்டிப் பலகையா? உங்க பள்ளிக்கூடத்துல என்னதான் நடக்குது வடிவு?" என்று கேலி வேறு. ஆனால் ஆணிகளை எல்லாம் அவரே பிடுங்கித் தந்தார்.

லிந்துலையில் நஸார் நானா கடையில் பட்டம் கட்டுகிற தாள் கிடைத்தது. இனிச் செம்மண், கரி, மஞ்சள், நீலக்கட்டி. போதும்.

17.6.1959 புதன்

பலகையை எல்லாம் சேர்த்து அடித்து, அதில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடு மாதிரி ஒரு லயம் வரைந்தோம். வரைந்தோம் என்றால் வீரம்மா வரைந்தாள், மற்றவர்கள் கையெல்லாம் செம்மண் ஆக்கிக்கொண்டார்கள். தகரக் கூரை, வாசலில் விறகு, கூரைக்கு மேலே புகை. உள்ளே குடும்பத்துக்கு ஒன்றாக மூன்று காம்பரா. வலது ஓரத்தில் ஒன்றின் காம்பரா, நடுவில் பத்தின் காம்பரா, இடது ஓரத்தில் நூறின் காம்பரா.

தாளில் ஆட்களை வெட்டினோம். சட்டம் நான்தான் சொன்னேன். ஒரு காம்பராவில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. பத்தாவது ஆள் வந்தால் பத்துப் பேரையும் நூலால் ஒரு கட்டாகக் கட்டிப் பக்கத்துக் காம்பராவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பத்துக் கட்டுச் சேர்ந்தால் ஒரு கூடையில் போட்டு நூறின் காம்பராவுக்கு.

வகுப்பு முழுக்கச் சிரிப்பு. என்னடா என்றால், "ஒம்பது பேருதானா டீச்சர்? எங்க காம்பராவுல பதினோரு பேரு இருக்கோம்" என்றாள் வீரம்மா. அழகன் வீட்டில் எட்டுப் பேர், இரண்டு பேர் விருந்தாளியாக வந்து ஒரு வருஷமாகிறதாம்.

"இது கணக்குக் காம்பரா, இங்க ஒம்பதுதான்" என்று சொல்லி வைத்தேன். நானும் சிரித்தேன். இடப்பெறுமானம் என்கிற வார்த்தையை வாயாலேயே எடுக்கவில்லை, ஆனாலும் பிள்ளைகள் கட்டுக் கட்டி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பத்து, இருபது, நூறு. எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு நாள் வாய்த்து!

23.6.1959 செவ்வாய்

சந்தோஷம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இன்று இருநூற்று ஐந்து. இடது காம்பராவில் இரண்டு கூடை, வலது காம்பராவில் ஐந்து ஆள், எல்லாம் சரி. நடுக் காம்பராவில் யாரும் இல்லை, அங்கே சைபர் போட வேண்டும். போடமாட்டேன் என்கிறார்கள். மறுபடி 25.

வீரம்மா வேறு வேலை பார்த்திருந்தாள். நடுக் காம்பராவில் ஒரு தொட்டில் வெட்டி ஒட்டி, 215 என்று எழுதியிருந்தாள்.

"அது காலிக் காம்பராடி. யாரும் இல்லை."

"புள்ள தூங்குது டீச்சர்."

"யார் பிள்ளை?"

"யாரு புள்ளையோ. காம்பரா காலியா கெடக்காதுல்ல டீச்சர்? ஒருத்தரு போனா அன்னைக்கே வேற ஆளு வந்துருவாங்க."

நான் ஒரு மணி நேரம் விளக்கினேன். ஆள் இல்லாவிட்டாலும் காம்பரா அங்கேயேதான் இருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது, சைபர் போட்டுத்தான் காட்ட வேண்டும் என்று. பாவம் போல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பிள்ளைகள் வெறும் காம்பராவைக் கண்ணால் கண்டதே இல்லை. இல்லாததை எதைக் காட்டிப் புரியவைப்பது?

24.6.1959

தொட்டிலை எடுக்கச் சொன்னேன். "புள்ள முழிச்சிக்கிரும்" என்கிறாள்.

3.7.1959 வெள்ளி

மழை விடவில்லை. சைபரும் விழவில்லை. ஆனால் 'ஒன்பது பேர்' சட்டம் மட்டும் எல்லோர் வாயிலும். தண்ணீர்ப் பீலியடியில் சின்னதுகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு, "பத்தாவது ஆளு நீ, அடுத்த காம்பராவுக்குப் போ!" என்று விளையாடுவதாக இவர் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. எழுதி வைக்கிறேன்.

7.7.1959 செவ்வாய்

இவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர் சோற்றில் கை வைக்கவில்லை. "நீ என்ன பாடம் சொல்லிக் குடுத்த?" என்றார்.

விடிகாலைப் பெரட்டில் நடந்ததாம். ஆட்களுக்கு வேலை பிரித்துக்கொண்டிருக்கும்போது சிவசாமி தோட்டத் துரைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறார். "தொரைங்களே, ஒரு காம்பராவுக்கு ஒம்பது பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்காம். நாங்க பதினோரு பேரு. இன்னொரு காம்பரா குடுங்க." பெரட்டுக்களம் முழுக்கச் சலசலப்பு. நாங்க பத்து, நாங்க பன்னெண்டு என்று பின்னால் குரல்கள். துரைக்கு முகம் சிவந்துவிட்டது. யார் சொன்ன சட்டம் என்று கேட்டிருக்கிறார்.

"யாருஞ் சொல்லலீங்க. எனக்கே தெரியும்" என்றாராம் சிவசாமி. துரை பதில் சொல்லாமல் வேலைக்குப் போகமாட்டேன் என்று அங்கேயே நின்றுவிட்டாராம்.

என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?

அது கணக்கு. வெறும் கணக்கு. பள்ளிக்கூடத்தில் சொன்னது புத்தகத்தில் இருக்கும், புத்தகத்தில் இருப்பது சட்டமாக இருக்கும் என்று அந்த மனுஷர் நம்பியிருக்கிறார். வீரம்மா என்ன சொல்லியிருப்பாள் வீட்டில்? டீச்சரம்மா சொன்னாங்கப்பா, ஒம்பது பேருதானாம். அவ்வளவுதான் சொல்லியிருப்பாள்.

8.7.1959

சிவசாமிக்குப் பத்துச்சீட்டு கொடுத்துவிட்டார்கள். வேலை இல்லை, வேலை இல்லையென்றால் காம்பராவும் இல்லை. பத்து நாளில் காலி செய்ய வேண்டும்.

9.7.1959 வியாழன்

இவரோடு சண்டை. "நான் போய்த் துரைகிட்டச் சொல்றேங்க, அது நான் சொன்னதுன்னு."

"சொன்னா? ஒனக்கும் எனக்கும் சேத்துச் சீட்டு எழுதுவாரு. அவனுக்கு வேலை திரும்பி வந்துருமா?"

"அதுக்காகச் சும்மா இருக்கச் சொல்றீங்களா?"

"நான் ஒண்ணுஞ் சொல்லல வடிவு" என்று எழுந்து போய்விட்டார். அவரும் சாப்பிடவில்லை. அவர் மேல் கோபம் வருகிறது. அவர் சொன்னது பொய்யில்லை என்பதில் இன்னும் கோபம் வருகிறது.

10.7.1959 வெள்ளி

போனேன். பள்ளியைப் பத்து மணிக்கே விட்டுவிட்டு, குடையோடு ஆபீசுக்குப் போனேன். துரை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. ஒன்பது பேர் என்பது எண் படிக்கச் சொல்லிக்கொடுத்த விளையாட்டு, பிள்ளை அதை வீட்டில் போய்ச் சொல்லிவிட்டது, குற்றம் என்னுடையது என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். சிரித்தார்கூட. "நல்ல ஐடியா டீச்சர்" என்றார். பிறகு, சீட்டு கொடுத்தது காம்பரா கேட்டதற்காக இல்லை, வேலைக்குப் போகமாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் நின்றதற்காக என்றார். அது முடிந்த விஷயமாம். பள்ளிக்குச் சுண்ணாம்பு வேண்டுமா என்று கேட்டார்.

அவ்வளவுதான். எனக்குச் சீட்டு இல்லை, திட்டுக்கூட இல்லை. நான் பயந்து பயந்து கொண்டுபோன உண்மைக்கு அங்கே ஒரு மதிப்பும் இல்லை. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன். மழை பெய்தது நல்லதாகப் போயிற்று, யாருக்கும் தெரியவில்லை.

13.7.1959 திங்கள்

தலவாக்கலைத் தொழிற்சங்க ஆபீசுக்குச் சிவசாமி போய்வந்தார். மனுப் போடுவார்களாம், விசாரணைக்கு மாதங்கள் ஆகுமாம். அதுவரை இருக்க இடம் அவர்களாலும் தர முடியாதாம்.

வீரம்மாவை எங்களோடு வைத்துக்கொள்ளட்டுமா என்று அவள் அம்மா ராசம்மாவிடம் கேட்டேன். இன்ஸ்பெக்டர் வந்து போகிற வரைக்குமாவது. அவள் என்னைத் திட்டவில்லை. "புள்ளைய யாரு தூக்குவா டீச்சரம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

16.7.1959

வீரம்மா பள்ளிக்கு வந்தாள். இருநூற்று ஐந்து எழுதிக் காட்டு என்றேன். 215 என்றே எழுதினாள். திருத்தவில்லை. சரி போட்டேன்.

18.7.1959 சனி

போய்விட்டார்கள். நானுஓயாவில் ரயில். வவுனியாப் பக்கம் காடு வெட்டுகிற வேலை இருக்கிறதாம், யாரோ சொன்னார்களாம். பாத்திர மூட்டை, பாய், அம்மி. பதினோரு பேரும் வரிசையாக இறங்கிப் போனார்கள். குழந்தை வீரம்மா இடுப்பில். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். பயணம் போகிற குஷி. ரயிலை அவள் இதுவரை தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

சிவசாமி பாதையோரம் நின்றார். "டீச்சரம்மா பேர நான் எடுக்கலீங்க" என்றார். தெரியும் என்றேன். நானே போய்ச் சொல்லிவிட்டேன் என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. சொல்லி என்ன? அவர் காப்பாற்றியதும் வீண், நான் சொன்னதும் வீண்.

20.7.1959 திங்கள்

இன்று பள்ளிக்குப் போனதும் பலகையைப் பார்த்தேன். நடுக் காம்பராவில் தொட்டில் இல்லை. பசை காய்ந்த தடம் மட்டும் இருந்தது.

"யார் பிய்த்தது?"

அழகன் எழுந்து நின்றான். "அவுங்கதான் போயிட்டாங்களே டீச்சர்."

அவர்கள் காம்பராவில் இன்னும் யாரையும் குடிவைக்கவில்லை. கதவு திறந்தபடி கிடக்கிறதாம், பிள்ளைகள் உள்ளே போய்க் கத்திப் பார்த்தார்களாம், சத்தம் திரும்பி வருகிறதாம். மூச்சுவிடாமல் சொன்னார்கள். நான் இருநூற்று ஐந்து என்று மட்டும் சொன்னேன்.

எல்லாச் சிலேட்டிலும் 205.

ஐந்நூற்று எட்டு. 508. நூற்று இரண்டு. 102. ஒருவர்கூடத் தப்பாக எழுதவில்லை. ஆறு வாரம் தொண்டை கிழியக் கத்தியும் வராதது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

29.7.1959 புதன்

இன்ஸ்பெக்டர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், புதியவர். நாலாம் வகுப்பு முழுக்கப் பாஸ். பலகை முன்னால் வெகுநேரம் நின்றார். "நல்ல வடிவாச் செய்திருக்கிறியள். இந்தப் படம் கீறின பிள்ளை ஆர்? கூப்பிடுங்கோ பாப்பம்."

வகுப்பே திரும்பி என்னைப் பார்த்தது.

"இன்றைக்கு வரவில்லை" என்றேன்.

5.8.1959 புதன்

அந்தக் காம்பராவுக்கு ஆள் வந்துவிட்டது. ஆண்டியப்பன் என்பவர், மேல் டிவிஷனிலிருந்து. மொத்தம் பன்னிரண்டு பேர் என்று இவர் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

அவர்கள் மகள் பேச்சியம்மா இன்று நாலாம் வகுப்பில் சேர்ந்தாள். வீரம்மா இருந்த இடத்தில்தான் உட்கார வைத்தேன், வேறு இடம் இல்லை. இன்றைய எண் நானூற்று ஏழு. அந்தப் பிள்ளைக்கும் ஒரு ஆள் வெட்டிக் கொடுத்தேன். ஆசையாக எடுத்துப் போய் நடுக் காம்பராவில் ஒட்டப் பார்த்தது.

அழகன் பாய்ந்து கையைப் பிடித்துவிட்டான். "அங்க ஒட்டாத! அது காலியாத்தான் இருக்கணும், அப்பதான் கணக்கு சரியா வரும். இல்ல டீச்சர்?"

ஆமாம் என்றேன்.