கம்பத்தில் ஏறிய பீர்க்கு

டோகா, கட்டார்
18.08.2024

அன்பு மனைவி சாந்திக்கு,

நான் சுகம். என்னோடு வேலை செய்யும் ஷிஹான் லீவில் ஏறாவூருக்கு வருகிறான். அவன் கையில் இந்தக் கடிதத்தையும் பீர்க்கு, கத்தரி விதைகளையும் கொடுத்துவிடுகிறேன். போனில் நான் மட்டும்தான் கதைக்கிறேனாம், உனக்கு வாய் திறக்கவே கிடைப்பதில்லையாம். சரி, எழுது. ஆனால் எழுத்தில் ஏசாதே.

மாடு புகுந்து வாழையைத் தின்றதால்தானே தோட்டத்துக் கம்பத்தில் கமெரா பூட்டச் சொன்னேன்? இப்போது வேலை முடிந்து வந்து படுத்துக்கொண்டு அதைத்தான் பார்க்கிறேன். சுடுகிற கச்சான் காற்றில் மிளகாய்க் கன்றெல்லாம் வாடிக் கிடக்கிறதே, ஐயோ! விடியவும் பின்னேரமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். செவ்வாய்க்கிழமை நீ ஆறு மணிக்குத்தான் ஊற்றினாய். மூன்று மணிக்குப் படலையால் வெளியே போனதைக் கண்டேன். எங்கே போனாய்? சந்தேகத்தில் கேட்கவில்லை, கன்றுகளுக்காகக் கேட்கிறேன்.

உன்
ரதீஸ்

வந்தாறுமூலை
06.09.2024

அன்பு மச்சானுக்கு,

விதை கிடைத்தது. செவ்வாய்க்கிழமை எனக்குப் பல்லுக்குத்து, மருந்தெடுக்கப் போனேன். கன்றுகளிடம் சொல்லாமல் போனது என் பிழைதான்.

அந்தக் கமெராவுக்கு வாயும் இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே! முந்தநாள் கிணற்றடியில் தலைமுடியை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தேன். "சாந்தி, வாளியில தண்ணி மிச்சம் கிடக்கு, வாழைக்கு ஊத்து" என்று கம்பம் கத்தியது. பயத்தில் வாளியைக் காலில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வளவு நிருஷா வேலியால் எட்டிப் பார்த்து, "என்னகா, உன்ட மனிசன் கம்பத்திலயா குடியிருக்கார்?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கரண்ட் போய் இரண்டு மணி நேரம் படம் வராத அன்றைக்கு மாமியை ஓட்டோவில் அனுப்பிப் பார்க்கச் சொன்னீர்கள். கடைக்குப் போனாலும் கேள்வி கேட்கிறீர்கள். வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன், ஆனால் ஒரு நிமிடமும் தனியாக இல்லை. மூச்சு முட்டுகிறது மச்சான்.

ஒன்று கேட்கிறேன். நிருஷா வேலை செய்யும் செங்கலடிக் கன்றுப் பண்ணையில் இன்னொரு ஆள் தேடுகிறார்கள். ஒட்டுக் கட்டவும் பதியம் வைக்கவும் எனக்குத் தெரியும்தானே. காலை எட்டிலிருந்து பின்னேரம் நாலு மணி வரைக்கும்தான். போகவா? தைக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

சாந்தி

டோகா
02.12.2024

அன்புச் சாந்திக்கு,

ஊரில் நல்ல மாரி மழையாம். எனக்கு எப்படித் தெரியும்? ஒரு கிழமையாகக் கமெராவில் இலைதான் தெரிகிறது. பீர்க்கங்கொடி கம்பத்தில் ஏறிக் கண்ணாடியை மூடிவிட்டது. போனில் சொல்லியும் நீ வெட்டவில்லை. இதைக் கண்டதும் வெட்டு. நீ வெட்டாவிட்டால் அம்மாவை அனுப்புவேன்.

வேலை வேண்டாம். ஊரான் கன்றுக்கு நீ தண்ணீர் ஊற்றவா நான் இங்கே கிடந்து சாகிறேன்? நீ வெளிக்கிட்டால் நம்முடைய தோட்டத்தை யார் பார்ப்பது?

கோபிக்காதே சாந்தி. இந்த அறையில் ஆறு பேர். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்துச் சுவர். பாஸ்போட் கம்பனியிடம் இருக்கிறது, நினைத்தபடி வரவும் ஏலாது. சித்திரைக்குத்தான் லீவு. அந்தப் பச்சையையும் நடுவில் உன்னையும் பார்த்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். அதுவும் இப்போது இல்லை.

ரதீஸ்

வந்தாறுமூலை
23.02.2025

அன்பு மச்சானுக்கு,

"கம்பத்தடியிலதான் வெயில் நல்லாப் படுது, பீர்க்க அங்க போடு" என்று கமெராவால் கத்தியது நீங்கள்தான். சொன்ன இடத்தில் போட்டேன், சொன்ன நேரத்தில் தண்ணீர் ஊற்றினேன். அது ஏறிவிட்டது. மாமி கத்தியோடு வந்தா. காய்க்கிற கொடி என்று மறித்து, நாலு காய் கொடுத்து அனுப்பினேன். நான் நினைத்திருந்தால் வெட்டியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இலை மூடிய அன்று பின்னேரம் கிணற்றடியில் சும்மா குந்தியிருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போது அழுகை வந்துவிட்டது. அம்மா எனக்குச் சீதனமாகத் தந்த வளவு இது. அதில் நான் களவாகக் குந்தியிருக்கிறேனே என்று நினைத்து அழுதேன்.

பொங்கல் முடிந்த கையோடு பண்ணைக்குப் போகத் தொடங்கிவிட்டேன், பதிவில் என் முழுப் பேரையே எழுதிக் கொடுத்தேன். உங்கள் மறுமொழியை மூன்று தரம் வாசித்தேன். எனக்கு அது சரிவரவில்லை. முப்பது மாங்கன்று ஒட்டினேன், இருபத்தேழு பிடித்துவிட்டது. முதலாளியம்மா கைறுன்னிஸா, "உங்கட கை நல்ல கை புள்ள" என்றா. உங்களிடம்தான் முதலில் சொல்ல ஆசையாக இருந்தது, பயத்தில் சொல்லவில்லை.

நம்முடைய தோட்டம் சாகவில்லை. விடிய எழும்பி ஊற்றிவிட்டுத்தான் போகிறேன். அந்த அறையில் உங்கள் பாடு எனக்கு விளங்காமல் இல்லை. ஞாயிறு தோறும் நானே படம் எடுத்து அனுப்புகிறேன். தலை வாரி, சிரித்துக்கொண்டு நானும் அதில் நிற்பேன். கமெராவை மட்டும் நேற்றுக் கழற்றி மாமியிடம் கொடுத்துவிட்டேன்.

சித்திரைக்குக் கட்டாயம் வாங்க மச்சான். பகலில் வந்தால் படலை பூட்டியிருக்கும், திறப்பு என்னிடம்தான். பூவரசு நிழலில் கொஞ்சம் இருங்க. நாலரைக்கு வந்து திறந்துவிடுகிறேன்.

பிரஷாந்தி