உங்கள் கையில் நான் போட்ட ஊசி

மதாம்,

இன்று காலை என் மகள் மலர் ஊசியைக் கொதிக்க வைத்துவிட்டு ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தாள். அந்த வாடை வந்ததும் நீங்களே வாசலில் வந்து நின்றதுபோல் எனக்குச் சுருக்கென்றது. போய்ச் சேர்ந்தவர்மேல் இவ்வளவு வயிற்றெரிச்சல் கூடாதுதான். இருக்கிறதே, என்ன செய்ய?

பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறிய அடுத்த வருஷம் அவளுக்குச் சர்க்கரை வியாதி என்றார்கள். அப்போது ஒன்பது வயசு. காலை ஊசியை நெல்லித்தோப்பில் எங்கள் தெருக் கம்பவுண்டர் போட்டுவிடுவார். பகல் ஊசிக்கு யாரைத் தேடுவது? எனக்கு ஊசியைத் தொட்டாலே கை நடுங்கும். அவள் படிப்பை நிறுத்திவிடுகிறேன் என்று நான் சொன்னபோது, அவளுடைய வகுப்பு டீச்சரான நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரிடம் கற்றுக்கொண்டு வந்தீர்கள். அதோடு விட்டீர்களா? மற்ற டீச்சர்களையும், மணி அடிக்கும் அஞ்சலையையும் சாயங்காலத்தில் உட்கார வைத்து, சாத்துக்குடியில் ஊசி குத்திப் பழக்கினீர்கள். "கணக்கு நடுவுல அவ வேர்த்துப்போய் பேந்தப் பேந்த முழிச்சா திட்டாதீங்க. வாயில சக்கரையப் போடுங்க" என்று சொல்லிவைத்தீர்கள். பள்ளிக்கூடத்துக்கே பாடம் நடந்தது. பெற்றவளை மட்டும் ஒருவரும் கூப்பிடவில்லை.

மலர் வீட்டுக்கு வந்தால் உங்கள் பேச்சுதான். "மதாம் போட்டா வலிக்கவே வலிக்காதும்மா" என்பாள். நீங்கள் ஊசி குத்தினால் வலிக்காதவளுக்கு, நான் தலை வாரினால் வலித்தது.

மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனோம். சாமி தீர்த்தமாடும்வரை எங்கள் வீட்டில் யாருக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. மலருக்குக் காலை ஊசி போட்டாகியிருந்தது. சாப்பிடாவிட்டால் சர்க்கரை ஏறாது, நல்லதுதானே என்று அவளையும் பட்டினி வைத்தேன். ஊசி போட்டபிறகு சாப்பிடாமலிருந்தால் உடம்பில் இருக்கிற சர்க்கரையும் இறங்கிப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சாமி கடலில் இறங்குவதற்குள் மகள் கண் செருகி மணலில் சரிந்தாள். கூட்டத்திலிருந்த அஞ்சலை பார்த்துவிட்டு, பக்கத்து டீக்கடையில் சர்க்கரையை அள்ளிக்கொண்டு ஓடிவந்து அவள் வாயில் போட்டாள்.

"சக்கர வியாதிக்காரப் புள்ளைக்குச் சக்கரையாடி போடுற?" என்று அவள் கையைத் தட்டிவிட்டேன்.

"நவுருக்கா. மதாம் சொல்லியிருக்காங்க" என்று என்னைத் தள்ளிவிட்டு மறுபடியும் போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் மலர் எழுந்து உட்கார்ந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. என் பிள்ளையைக் காப்பாற்ற ஊரில் அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் சண்டைக்கென்றே வந்தேன். "எம் புள்ளைக்கு அம்மா நீங்களா, நானா?" என்று வகுப்பு வாசலிலேயே கேட்டேன். நீங்கள் ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்து என்னிடம் கொடுத்து, புடவைத் தலைப்பை ஒதுக்கி இடது கையை நீட்டினீர்கள்.

"மருந்து இல்ல, வெறும் ஊசிதான். குத்துங்க."

"கை நடுங்கும் மதாம்."

"எம்மேல கோவம் இருக்குல்ல? குத்துங்க."

குத்தினேன். துளி நடுக்கம் இல்லை. நீங்கள் முகம்கூடச் சுளிக்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அதற்குப்பிறகு பகல் ஊசிக்கு நானே வெயிலில் நடந்து வந்தேன். "மதாம் மாதிரி இல்ல" என்றுதான் மகள் சொன்னாள்.

உங்கள் சாவுக்கு அவள் அழுத அழுகையைப் பார்த்தேன். எனக்கு இப்படி அழுவாளா என்று அங்கேயே நின்று கணக்குப் போட்டேன்.

போன வாரம் நான் சமைக்கத் தாமதமாகி, அவளுக்கு மறுபடியும் சர்க்கரை இறங்கிவிட்டது. தாவணி நனைய வேர்த்துக் கிடந்தவளை மடியில் சாய்த்து, சர்க்கரைத் தண்ணீரை உதட்டில் வைத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டாள். "அம்மா வந்திருக்கேன், குடிம்மா" என்றேன். வாயைத் திறக்கவில்லை. மூடிய கண்ணோடு, "மதாமா?" என்றாள்.

வயிறு எரிந்தது மதாம்.

"ஆமா, மதாம்தான். குடி" என்றேன்.

குடித்தாள்.