உனக்கு நான் படித்துக் காட்டிய கார் பேப்பர்

மாப்ள,

நேற்று ரூம் மாறினேன். அஜ்மானில் ரூம் ஓனர் மறுபடியும் வாடகையை ஏற்றிவிட்டான். நாங்கள் நாலு பேரும் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு தெரு தள்ளி வந்துவிட்டோம். பழைய பெட்டியைக் கவிழ்த்தபோது அடியிலிருந்து ரோஸ் கலர் தாள் ஒன்று விழுந்தது. நீ கார் வாங்கின பேப்பரின் கார்பன் காப்பி. நாலாக மடித்திருந்தது. பிரிக்கும்போதே எலுமிச்சை வாசனை வந்தது. கண்ணாடியில் ஒரு மஞ்சள் அட்டையைத் தொங்கவிட்டாயே, அதோட வாசனை. இந்தத் தாள் டேஷ்போர்டில் கிடந்ததில் ஏறினது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் போகவில்லை, பார்.

நீ போய் அஞ்சு மாசம் ஆகிறது. நான் இன்னும் அழவில்லை. புஜைராவிலிருந்து உன் ரூம்காரர் போன் பண்ணி "காலையில டூட்டியில நெஞ்சு வலின்னு உக்காந்தாரு, அவ்வளவுதான்" என்று சொன்னபோது நான் கடையில் பிரட் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு மிச்சத்தையும் அடுக்கினேன். அதற்கு அப்புறம் ஒரு குழந்தை வந்து சூயிங்கம் கேட்டது, எடுத்துக் கொடுத்தேன். மனசு மரத்துப்போய்க் கிடக்கிறது. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, அந்த மாதிரி. எனக்கே என்னைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது.

இந்தத் தாளைப் பற்றி உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. நீ இருந்தவரை சொல்லவில்லை. இப்போது எழுதுகிறேன், எனக்கு எப்போதும் புத்தி தாமதமாகத்தான் வரும்.

ஏழு தடவை ஃபெயிலாகி எட்டாவது தடவை உனக்கு லைசென்ஸ் கிடைத்த வருஷம் அது. ரூமில் எல்லாருக்கும் நீ பாயசம் வைத்தாய், சர்க்கரை தூக்கலாக. துபாயில் ஒரு கம்பெனியில் ஏசி சூப்பர்வைசர் வேலை. ஒரே ஒரு நிபந்தனை, சொந்த வண்டி வேண்டும். வண்டி இருந்தால் வேலை, அந்த வேலை இருந்தால் குடும்ப விசா. உன் மகளுக்கு அப்போது நாலு வயசு. நீ அவளைப் பார்த்தது ரெண்டே லீவில். "ரெண்டாவது லீவுல என்னயப் பாத்து 'அந்த மாமா எப்பப் போவாரு'ன்னு அவ அம்மாகிட்ட கேட்டா மாப்ள" என்று சொல்லிச் சிரித்தாய். ரூமில் வேறு யாரும் சிரிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆ தொழுகை முடித்து வந்ததும் ரெண்டு பேரும் ஷார்ஜாவுக்குப் போனோம். பழைய கார் விற்கிற அந்தத் தெருவில் யார்டு யார்டாக ஏறி இறங்கினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியில் அந்த வெள்ளைக் கார். நீ அதைச் சுற்றி வந்த மாதிரி பெண் பார்க்கப் போனபோதுகூட சுற்றியிருக்க மாட்டாய். யார்டுக்காரன் பேப்பர் கப்பில் சாயா கொடுத்தான். "ஆக்ஸிடென்ட் மாஃபி பாய், வல்லாஹி மாஃபி" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னான். அடிபடாத வண்டி என்று அல்லாஹ் மேல் ஆணையிட்டுச் சொல்லுகிறவனை நான் எப்படிச் சந்தேகப்படுவேன், சொல்லு.

அதற்கு அப்புறம் இந்தத் தாளை நீட்டினான். முழுக்க அரபி. நீ அதை வாங்கி நேராக என் கையில் கொடுத்தாய்.

"நீ படிச்சுப் பாரு மாப்ள. ஒனக்குத்தான் அரபி தெரியுமுல்ல."

தெரியுமா எனக்கு? தொண்டியில் அஞ்சு வயசிலிருந்து மதரஸாவில் உஸ்தாதிடம் அடி வாங்கிக் குர்ஆன் ஓதினவன் நான். போட்டியில் சில்வர் தட்டு பரிசு வாங்கினவன். எழுத்தைக் காட்டினால் வாய் தானாக ஓதும். ஆனால் எங்களுக்கு ஓதத்தான் சொல்லிக் கொடுத்தார்கள், அர்த்தம் சொல்லிக் கொடுக்கவில்லை. அதிலும் நாங்கள் ஓதுகிற எழுத்துக்கு மேலேயும் கீழேயும் கோடு போட்டிருக்கும், எந்த எழுத்தை எப்படிச் சொல்ல வேண்டும் என்று அதுதான் காட்டும். கார் பேப்பரில் ஏது கோடு? எல்லாம் மொட்டை எழுத்து.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆறு வருஷமாக ஒரே ரூம். உன் துண்டில் நான் முகம் துடைத்திருக்கிறேன். ஆனால் அந்த யார்டுக்காரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், தாடியும் தொப்பியுமாக நின்ற என்னை. நான் சும்மா அடித்துவிட்டேன், மாப்ள. மேலிருந்து கீழே ஒரு இடத்தில் நிற்காமல், குத்துமதிப்பாக, ராகம் போட்டுப் படித்துவிட்டேன். யார்டுக்காரன் சிரித்தான். மெச்சுகிறான் என்று நினைத்தேன். கேனப்பயல் நான்.

"என்னடா, சரியா இருக்கா?" என்று கேட்டாய்.

"எல்லாம் வழக்கமா எழுதுறதுதான். போடு" என்றேன்.

நீ ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தாய். தோளில் ரெண்டு தட்டு தட்டினாய். அப்புறம் குனிந்து கையெழுத்துப் போட்டாய்.

மூணு வாரம் அந்த வண்டி ஓடியது. காலையில் என்னைக் கடை வாசலில் இறக்கிவிட்டு, ஹாரன் அடித்துவிட்டுப் போவாய். துபாய் போகிற இத்திஹாத் ரோட்டு நெரிசலைக்கூட நீ பெருமையாகச் சொன்னாய், "இன்னிக்கு ஒண்ணே முக்கா மணி நேரம் டிராபிக்ல நின்னேன் மாப்ள" என்று, ஏதோ விருந்துக்குப் போய் வந்தவன் மாதிரி. பின் சீட்டில் மகளுக்கு என்று ஒரு பூப்போட்ட குஷன் வாங்கிப் போட்டிருந்தாய். பிளாஸ்டிக் கவரைக் கழற்றவில்லை.

நாலாவது வாரம் ரோட்டின் நடுவில் ஸ்டியரிங் உதறி வண்டி நின்றுவிட்டது. மலையாளி மெக்கானிக் அதை மேலே தூக்கி, கீழே டார்ச் அடித்துக் காட்டினான். நடுவில் குறுக்காக வெல்டிங் தழும்பு. "சேட்டா, இது ஒரு வண்டியில்லை, ரெண்டு வண்டி. முன்பாதி வேறே, பின்பாதி வேறே. இதில் பேமிலியை ஏத்தாதே" என்றான். அந்தக் குஷனை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டாய்.

யார்டுக்காரன் "கலாஸ், முடிஞ்சது, பேப்பரில் கையெழுத்துப் போட்டாச்சு" என்று விரட்டிவிட்டான். அதனால்தான் புகார் ஆபீசுக்குப் போனோம். வண்டிப் பேப்பர் வைத்த உன் ஃபைலை நான் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனுஷன். தாளை வாங்கி ஒரு தடவை பார்த்தார். இந்தி தெரிந்த கிளார்க் ஒருத்தரை வைத்து ஒரு வரியைச் சொன்னார். இந்த வண்டி விபத்தில் அடிபட்டு ஒட்டவைத்தது, வாங்குகிறவர் பார்த்து, தெரிந்து, ஒப்புக்கொண்டு வாங்குகிறார். அவர் விரல் வைத்திருந்த இடத்தை எட்டிப் பார்த்தேன். மூணாவது வரி. அந்த வரியில்தான் நான் மூச்சு வாங்கி, கொஞ்சம் இழுத்து, அழகாகப் படித்திருந்தேன்.

அப்போதும் அவர் கதவை மூடவில்லை. வண்டி அடிபடவில்லை என்று யார்டுக்காரன் வாயால் சொன்னதை யாராவது கேட்டார்களா, சாட்சி இருந்தால் அவனைக் கூப்பிட்டு விசாரிக்கிறேன் என்றார். "கோயி கவாஹ் ஹை?" என்று கிளார்க் உன்னிடம் கேட்டார்.

சாட்சி உன் பக்கத்தில் ஃபைலோடு நின்றுகொண்டிருந்தான்.

நீ என்னைப் பார்த்தாய். நான் மூலையில் இருந்த தண்ணீர் மெஷினைப் பார்த்தேன். அதன் மேல் பேப்பர் கப்புகள் சரிந்து கிடந்தன. நான் வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி, நீயும் இருந்தாயா, இந்தத் தாளை அங்கேயே படித்தாயா என்று வரும். அரபி தெரிந்த அந்த அதிகாரி முன்னால் நான் இன்னொரு தடவை படித்துக் காட்ட வேண்டியிருக்கும். என் விசா ஒரு கடையில், வேலை இன்னொரு கடையில், மாட்டினால் ஊருக்கு ஏற்றிவிடுவார்கள், அந்தப் பயத்தில்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சும்மா. வெட்கம்தான், மாப்ள. வெறும் வெட்கம்.

"நஹி சாப்" என்றாய். "நான் தனியாத்தான் போனேன்" என்று இந்தியில் சொன்னாய்.

"அப்ப இவர் யார்?" என்று கிளார்க் என்னைக் காட்டினார்.

"ரூம்மேட். வழி காட்ட வந்தாரு."

அவ்வளவுதான். புகார் அதோடு முடிந்தது. வேலை வேறு ஆளுக்குப் போயிற்று. வண்டி பழைய இரும்புக்குப் போயிற்று. நீ புஜைராவில் எண்ணெய் டேங்க் வேலைக்குக் காண்ட்ராக்டில் போனாய். குடும்ப விசா என்ற பேச்சையே நீ அப்புறம் எடுக்கவில்லை. ஃபைல் என் கையிலேயே தங்கிவிட்டது, நீ திரும்பக் கேட்கவும் இல்லை.

ஆனால் மாசம் ஒரு வெள்ளிக்கிழமை பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவாய். கையில் மீன் இருக்கும், பேப்பரில் சுற்றி. நாம் கடற்கரைப் பக்கம் நடப்போம். ஏதாவது போர்டைக் காட்டி, "எங்க, இதப் படி பாப்போம் பண்டிதரே" என்பாய். நான் படிப்பேன். நீ சிரிப்பாய், முதுகில் ஒன்று வைப்பாய். அதற்கு அர்த்தம் என்ன என்று ஒரு தடவைகூட நீ கேட்டதில்லை. இப்போதுதான் அது எனக்கு உறைக்கிறது.

உன்னை ஊருக்கு அனுப்புகிற வேலைக்கு நான்தான் புஜைராவுக்கு வந்தேன். கம்பெனி ஆள் உன் டெத் சர்டிபிகேட்டைக் கொடுத்து, "பெயர் சரியாக இருக்கிறதா பாருங்கள்" என்றான். அரபி. உன் பெயரை எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தேன். உன் அப்பா பெயரையும். அதற்கு மேல் ஒரு எழுத்தும் நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு காப்பி எடுத்துக்கொண்டு அரபி டைப்பிங் கடைக்குப் போய், அங்கே இருந்தவரை வரிக்கு வரி அர்த்தம் சொல்லச் சொல்லி, எங்கள் கடை பில் புக்கின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். எதற்கு எழுதினேன் என்று எனக்கே தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் வீட்டுக்காரி போன் பண்ணினாள். எடுத்ததுமே அழுதாள். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பாயண்ணே, பொட்டியோட ரெண்டு பேப்பர் வந்துச்சு. இங்கிலீசு பேப்பர்ல ரெண்டே வரிதேன் இருக்குன்னு வாத்தியார் சொல்றாரு. அரபி பேப்பர்ல நெறையா இருக்கு. ஒங்ககிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்குல்ல? அவுகளுக்கு என்ன ஆச்சு, எத்தன மணிக்குன்னு போட்டுருக்கா? கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்கண்ணே."

எழுதி வைத்ததை எடுத்து, நானே அரபியிலிருந்து சொல்லுகிற மாதிரி சொல்லியிருக்கலாம். அவளுக்கு என்ன தெரியப்போகிறது.

"தங்கச்சி, எனக்குப் படிக்கத்தான் வரும். அர்த்தம் தெரியாது" என்றேன்.

அவள் சாதாரணமாகச் சொன்னாள்.

"அது தெரியும்ணே."

"எப்படி?"

"கார் வாங்குன அன்னிக்கே போன்ல சொன்னாகளே. 'பாய் ஒரு எழுத்து விடாமப் படிச்சான், ஆனா அவனுக்கு ஒண்ணும் வெளங்கல, மூஞ்சியப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அந்தாளு முன்னாடி வச்சு எப்புடிக் கேக்குறது, குன்னிப் போயிருவான்டி'ன்னு சொல்லிச் சிரிச்சாக. அதுக்காக யாராச்சும் கையெழுத்துப் போடுவாகளான்னு நாந்தேன் திட்டுனேன்."

அவள் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. உன் பழக்கத்தைச் சொல்லுகிற மாதிரிதான் சொன்னாள். நான் பில் புக்கை எடுத்து, எழுதி வைத்திருந்ததை அவளுக்கு வாசித்தேன். நெஞ்சு நின்றுபோனது என்று போட்டிருந்தது. காலை பத்து நாற்பது என்று போட்டிருந்தது. "அப்புறம்?" என்று ஒவ்வொரு வரிக்கும் கேட்டாள். நான் நின்று நின்றுதான் வாசித்தேன். தமிழ்தான், ஆனாலும் ஓடவில்லை.

இப்போதெல்லாம் கடையில் யாராவது அரபித் தாளை நீட்டினால், எடுத்த எடுப்பில் அர்த்தம் தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். அப்படி ஒன்றும் குன்றிப் போய்விடவில்லை. அவர்கள் பாட்டுக்கு வாங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள்.

இந்த ரோஸ் தாளைக் கிழிக்க மனசு வரவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அழுகை இன்னும் வரவில்லை. வந்தால் வரட்டும். அந்த யார்டில், பேனாவை எடுப்பதற்கு முன்னால், நீ என் தோளில் ரெண்டு தட்டு தட்டினாயே மாப்ள. நான் நன்றாகப் படித்ததற்குத்தான் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.