டீ நேரத்து அதிகாரம்

அன்புள்ள அண்ணிக்கு,

பாலக்கோடு மண்டியில் டீ நேரத்தில் தக்காளிப் பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து, வேதாகமத்தில் ஓர் அதிகாரம் வாசிப்பீர்களே, அந்த நேரத்தில் இப்போது நான் வாசிக்கிறேன். எட்டாவதோடு நின்றவளுக்கு ஓர் அதிகாரம் முடிய மூன்று நாளாகிறது.

நீங்கள் ஒருநாளும் விட்டதில்லை. "பாஸ்டரம்மா, வேலைக்கு வந்தீங்களா, ஊழியத்துக்கா?" என்று பெண்கள் சீண்டினாலும் சிரிப்பீர்கள். பிறகு என் பெட்டியிலும் அழுகலைப் பொறுக்கித் தருவீர்கள். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது என்று இப்போதுதான் புரிகிறது.

மண்டியில் வேலை செய்யாமல் வேதாகமம் வாசித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்று அம்மாவிடம் சொன்னது நான்தான். அதனால் வந்த சண்டையில்தான் நீங்கள் ஏரியூருக்கு, உங்கள் தாய்வீட்டுக்குப் போனீர்கள்.

அது பொய் என்று நேற்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். "ஞாயித்துக்கெழம நானே போய்க் கூட்டியாறேன், நீயும் வா" என்றார்.

என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்