நீங்கள் கேட்ட நாலு ஸ்பேட்

பீரோவின் அடித்தட்டைத் துடைக்கும்போது நம் சீட்டுக்கட்டு கிடைத்தது. தகர டப்பாவைத் திறந்ததும் முகப்பவுடர் வாசனை. சீட்டு ஒட்டாமல் வழுக்க வேண்டுமென்று ஞாயிறுதோறும் என் பவுடரைத் தட்டித் தேய்த்தே காலி செய்வீர்களே, அதே வாசனை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த வயதில் உட்கார்ந்தால் எழுவது எவ்வளவு பாடு! உங்களுக்கென்ன, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

ஐம்பதுகளின் ஓசூரில் பிரிட்ஜ் ஆட நாலாவது ஆள் கிடைக்காமல்தான் கட்டிய மனைவிக்கே கற்றுக்கொடுத்தீர்கள். எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு கட்சி. ஏலத்தில் யார் கூடுதலாகக் கேட்கிறார்களோ, ஆட்டம் அவர்களுடையது; எண் ஒன்றானால் ஹார்ட்டைவிட ஸ்பேட் பெரிது. கேட்பதில் நீங்கள் மகா கஞ்சன். கையில் ராஜாவும் ராணியும் இருந்தாலும் "பாஸ்" என்பீர்கள். அகலக்கால் வைப்பது நான்.

அந்த ஞாயிறு எதிர்க்கட்சியில் உங்கள் மேலதிகாரியும் அவர் மனைவியும். உங்களைத் தூரத்துக் கல்லாவிக்கு மாற்றலாமா என்ற ஃபைல் அவர் மேஜையில் இருந்தது. எனக்கு ஏழாம் மாதம். பார்த்துக்கொண்டிருந்த டாக்டரம்மா ஓசூரில். மேலதிகாரி சீட்டைத் தொட்டால் மற்றவர்கள் விட்டுக்கொடுப்பது கிளப்பின் எழுதாத சட்டம். கிளம்பும்போதே சொன்னீர்கள்: "இன்னிக்கு அவரு கேட்டா வுட்ரு. பேசாம பாஸ் சொல்லிடு."

நான் ஒரு ஸ்பேட் என்றேன். அவர் இரண்டு ஹார்ட். நீங்கள் பயந்துகொண்டே இரண்டு ஸ்பேட். அந்த அம்மாள் வளையல் குலுங்க நாலு ஹார்ட்டுக்கு ஏறினார். என்னிடம் ஏஸும் ராஜாவுமாக ஆறு ஸ்பேட். நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு பாஸ் என்றேன். மேலதிகாரியும் பாஸ். நீங்களும் அதையே சொன்னால் ஏலம் முடிந்தது.

நீங்கள் சொல்லவில்லை. சீட்டைப் பார்த்தீர்கள். காப்பி ஆறியது. பிறகு மெதுவாக, "நாலு ஸ்பேட்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டபுள்" என்றார், தோற்றால் தண்டனை இரட்டிப்பு. உங்கள் சீட்டுகளை விரித்துவைத்துவிட்டு, விதிப்படி வாய் திறக்காமல் உட்கார்ந்தீர்கள். இருவர் சீட்டையும் நானே ஆடினேன். நாலு கேட்டால் பத்துச் சுற்று ஜெயிக்க வேண்டும், ஒன்பதுதான் வந்தது. ஆனாலும் விட்டுக்கொடுத்திருந்தால் அவர்கள் நாலு ஹார்ட்டை ஜெயித்திருப்பார்கள், நமக்கு இதைவிடப் பெரிய நஷ்டம். அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது. "உங்க மிசஸுக்கு ரொம்பத் தைரியம்" என்றார். கேட்டது நீங்கள், பழி எனக்கு!

வழியெல்லாம் சண்டை பிடித்தேன். "என்னை வாய மூடச் சொல்லிட்டு நீங்க ஏங்க கேட்டீங்க?"

"நீ பாஸ்னு சொன்ன பாரு, அந்தக் கொரலு எனக்குப் புடிக்கல. கல்லாவியிலயும் மனுசங்க புள்ள பெத்துக்கிறாங்க. வா."

மாற்றல் உத்தரவு வந்தது. கல்லாவியில்தான் பிறந்தாள் நம் மகள், ஒரு குறையும் இல்லாமல்.

ஓய்வு பெற்று மறுபடி ஓசூருக்கே வந்து சேர்ந்தோம். கிளப் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலை பஸ்கள் நிற்கின்றன. நீங்கள் இருந்தால் அதற்கும் ஏதாவது கேலி சொல்வீர்கள். அதைக் கேட்கத்தான் ஏக்கமாக இருக்கிறது.

போன வாரம் மகள் வந்திருந்தாள். "தனியா இங்க என்னம்மா பண்ணப்போற? வீட்ட வித்துட்டு எங்களோட பெங்களூருக்கு வந்துடு." எல்லோரும் கூடிப் பேசி முடித்திருந்தார்கள். சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அந்தக் குரல் எனக்கே கேட்டது, உங்களுக்குப் பிடிக்காத அதே குரல்.

"நான் வரல" என்றேன்.

சொல்லிவிட்டு, பழக்கதோஷம், எதிர் நாற்காலியைப் பார்த்தேன்.